விழுபவனைப் பாருங்கள்

"அதெல்லாம் டூப்புதானே?" ரெஸ்லிங் என்று வாயைத் திறந்தாலே வந்து விழும் முதல் கேள்வி இது. இதற்கு 1989-லேயே பதில் வந்துவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியும் வரியும் தங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காக, இது போட்டி இல்லை, கேளிக்கைதான் என்று நியூ ஜெர்சி மாநில செனட்டில் அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) தரப்பே ஒப்புக்கொண்டது. யார் ஜெயிப்பார் என்பது முன்பே பேசி வைத்ததுதான் என்று இன்றைக்குக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு கும்பிடு.

என் சண்டை அவர்களோடு இல்லை, நம் ஆட்களோடுதான். ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமே தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தூக்கி அடிப்பவனுக்குக் கைதட்டுகிறோம். பொம்மை வாங்கினாலும் அவன் பொம்மை, பெல்ட் வாங்கினாலும் அவன் பெல்ட். ஆனால் மேட்ச்சைச் செய்பவன் விழுபவன். இந்தக் கலையில் முக்கால்வாசி அவன் கையில், இல்லை, அவன் முதுகில் இருக்கிறது.

முதலில் அவன் எதன் மேல் விழுகிறான் என்று பாருங்கள். ரிங் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, பலகை மேல் ஏறக்குறைய ஓர் அங்குல ஃபோம், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். டபிள்யூடபிள்யூஇ ரிங் 20 அடிக்கு 20 அடி, சின்ன கம்பெனிகளில் 16 அல்லது 18 அடி. டபிள்யூடபிள்யூஇ-யில் நிஜக் கயிற்றின் மேல் டேப் சுற்றியிருப்பார்கள். வேறு பல இடங்களில் கயிறு என்று நாம் நினைப்பது ரப்பர் குழாய் போர்த்திய இரும்பு வடம். ஓடி வந்து முதுகைக் கொடுத்துப் பழகாதவனுக்கு ஒரே நாளில் விலாப் பக்கம் கோடு கோடாகக் கன்றிவிடும்.

அந்தப் பலகையில் மல்லாக்க விழுவதுதான் பம்ப். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் பட வேண்டும். அதே நொடியில் இரண்டு கையும் உடம்பிலிருந்து 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழ்நோக்கித் தரையை அறைய வேண்டும், மூச்சு வெளியே போக வேண்டும். தாடையை மறந்தால் பின்மண்டை சாட்டை சொடுக்குவது போலப் போய் அடிக்கும். பயந்து கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். மூச்சைப் பிடித்து வைத்திருந்தால் நெஞ்சு அடைத்துக்கொண்டு அடுத்த அரை நிமிஷம் ஒன்றும் செய்ய முடியாது. நமக்குக் கேட்கும் அந்தப் 'படார்' சத்தம் பலகையும் உள்ளங்கையும் சேர்ந்து எழுப்புவது. சத்தம் எவ்வளவு பெரிதோ, விசை அவ்வளவுக்குப் பரவிவிட்டது என்று அர்த்தம். சத்தமே வராத விழுகைதான் வயிற்றைக் கலக்கும்.

அடுத்து பாடி ஸ்லாம். பார்ப்பதற்கு ஒருவன் பலத்தைக் காட்டுவது போல இருக்கும். தூக்குபவன் ஒரு கையைக் கால்களுக்கு நடுவிலும் இன்னொரு கையைத் தோளுக்கு மேலும் கொடுக்கிறான். தூக்கப்படுபவன் அதே நேரம் லேசாக எம்பிக் கொடுக்கிறான், ஒரு கையை எதிராளியின் தொடையில் ஊன்றித் தன் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறான். அவன் எம்பாமல் மூட்டை மாதிரி கனத்துக் கிடந்தால் அதற்குப் பெயர் சாண்ட்பேக்கிங். தூக்குபவனின் இடுப்பு காலி. 1987 மார்ச் 29, டபிள்யூடபிள்யூஎஃப்-இன் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸில்மேனியா 3, ஆண்ட்ரே த ஜயன்ட்டை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டதைத்தான் இன்றுவரை போஸ்டர் அடிக்கிறார்கள். ஆண்ட்ரேயின் எடையாக அறிவித்தது 520 பவுண்டு. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, உடைக்கு உள்ளே பட்டை கட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர். அவர் சம்மதித்து உடம்பைக் கொடுக்காமல் அவரை ஒரு அங்குலம்கூட நகர்த்தியிருக்க முடியாது. அந்த நாளின் பெரிய காரியத்தைச் செய்தது யார்?

எதிராளியைத் தூக்கிப் பின்பக்கமாக மல்லாக்கப் போடும் சப்ளெக்ஸிலும் இதே கதை. எகிறும் நேரம் தூக்கப்படுபவன் கையில் இருக்கிறது. அரை நொடி பிந்தினால் முதுகுக்குப் பதில் கழுத்து முதலில் இறங்கும்.

இன்னொரு சின்ன விஷயம், கவனித்தவர்கள் குறைவு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தாக்குவது பெரும்பாலும் எதிராளியின் இடது கையையும் இடது காலையும்தான். ஹெட்லாக், அதாவது தலைப்பூட்டு, போடுவதும் இடப்பக்கம்தான். எந்த ஊர்க்காரன் எதிரில் வந்தாலும் பேசாமலே பூட்டு விழ வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் அது. மெக்ஸிகோவின் ரெஸ்லிங்கான லூச்சா லிப்ரேயில் எல்லாம் வலப்பக்கம். அங்கிருந்து புதிதாக வந்தவர் முதல் சில மேட்ச்களில் ஏன் ஒரு கணம் தடுமாறுகிறார், ஏன் இருவரும் ஒரே பக்கம் நகர்ந்து முட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. 'பாட்ச்' (சொதப்பல்) என்று கமென்ட் போட்டுக் கேலி செய்வதற்கு முன்னால் அவர் எந்தப் பக்கம் பழகியவர் என்று பாருங்கள்.

இனி செல்லிங், வலியை நம்பும்படி காட்டுவது. விழுவது உடம்புக் கலை என்றால், விழுந்த பிறகு செய்வது நடிப்புக் கலை. ஓர் உதாரணம். பத்து நிமிஷம் ஒருவனுடைய இடது முழங்காலை முறுக்கியிருக்கிறார்கள். அவன் மீண்டு வந்து மேல்கயிற்றிலிருந்து பாய்கிறான். நல்ல ஆள் என்றால், கயிற்றில் ஏறும்போதே இடது காலை ஒரு படி தாமதமாக வைப்பான். பாய்ந்து விழுந்தவுடன் எதிராளியின் மேல் படுக்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி உருளுவான். பிறகுதான் பின் போடுவான், அதாவது மூன்று எண்ணும் வரை எதிராளியின் தோள்களைத் தரையோடு அழுத்துவான். அந்த இரண்டு நொடியால்தான் எதிராளி இரண்டே முக்கால் எண்ணிக்கையில் தோளைத் தூக்குகிறான். 'ஐயோ, முழங்கால் மட்டும் சரியாக இருந்திருந்தால்' என்று கூட்டம் பதறும். ஒரு வசனம் பேசாமல் ஒரு கதை முடிந்துவிட்டது. அதே ஆள் காலை மறந்துவிட்டு ஓடியாடினால், முன்னால் போன பத்து நிமிஷமும் குப்பை. இப்போதைய பெரிய மேட்ச்கள் பலவற்றில் இந்தக் குப்பைதான் நிறைய. ஸ்பாட் (முன்பே பேசி வைத்த சாகசம்) மேல் ஸ்பாட், நடுவில் வலிக்க யாருக்கும் நேரம் இல்லை.

விழுந்தே ஒரு மேட்ச்சை ஜெயித்தவரைப் பார்க்க வேண்டுமானால் ரெஸில்மேனியா 13. 1997 மார்ச் 23, சிகாகோ பக்கம். பிரெட் ஹார்ட் நல்லவராக உள்ளே வந்தார், ஸ்டீவ் ஆஸ்டின் கெட்டவராக வந்தார். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் முடியும் சப்மிஷன் மேட்ச், கென் ஷாம்ராக் ரெஃப்ரி. கடைசியில் ஆஸ்டின் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பூட்டில் மாட்டிக்கொண்டு, முகம் முழுக்க ரத்தத்தோடு, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிப் போனார். கணக்குப்படி தோல்வி. ஆனால் வெளியே போகும்போது கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது, ஜெயித்த ஹார்ட்டைத் திட்டியது. தோற்ற விதத்தால் ஒருவர் நாயகனாகிவிட்டார். அடுத்த சில வருஷங்களுக்கு அந்தக் கம்பெனியே அந்தத் தோல்வியின் மேல் நின்றது.

ரிக் ஃபிளேர் இன்னொரு வகை. பட்டம் அவரிடம் இருக்கும், விழுவதும் அவராகத்தான் இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர் நாயகனிடம் கெஞ்சுவார், மூலையில் தலைகீழாக உருண்டு வெளியே போவார், நாலு அடி நடந்து முகம் குப்புற மரம் மாதிரி சாய்வார். பார்ப்பவனுக்கு, நம்ம ஆள் இன்றைக்குப் பட்டத்தை வாங்கிவிடுவான் என்று தோன்றும். 1975 விமான விபத்தில் மூன்று இடத்தில் முதுகெலும்பு உடைந்தவர் அவர். அதனால்தான் தூக்கி எறியும்போது முதுகைத் தட்டையாகக் கொடுக்காமல் பக்கவாட்டில் இறங்குவார். 1989-ல் ரிக்கி ஸ்டீம்போட்டோடு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நாஷ்வில் என்று போட்ட மூன்று மேட்ச்சையும் இந்த ஒரு கண்ணோடு மறுபடி பாருங்கள். உடைந்த முதுகுக்கு ஏற்ற மாதிரி ஒருவர் தனியாக ஒரு விழும் பாணியே உண்டாக்கியிருக்கிறார்.

தப்பானால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும் அடி பைல்டிரைவர். அதில் எதிராளியின் தலை, தூக்குபவனின் தொடைகளுக்கு நடுவே, தரையில் படாத உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் மடித்து இறங்கும் வகையில் முழங்கால்கள் முதலில் தரையைத் தொட்டுவிடும், தலைக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். உட்கார்ந்து இறங்கும் வகையில் அந்த இடைவெளி மிகக் குறைவு. 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் போட்டது இந்த இரண்டாவது வகை. ஆஸ்டினின் தலை கீழே தொங்கியிருந்தது. கழுத்து போனது, கை கால் சிறிது நேரம் அசையவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கிண்டலடித்து நேரத்தை ஓட்ட, ஆஸ்டின் ஊர்ந்து வந்து ஒப்புக்கு ஒரு ரோல்-அப் (எதிராளியைச் சுருட்டிப் போடும் பின்) போட்டு முடித்தார். மெக்ஸிகோவில் இந்த அடிக்கு 'மார்டினெட்டே' என்று பெயர், போட்டால் தகுதி நீக்கம்.

ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு பேக் சப்ளெக்ஸ் வாங்கி எழவே இல்லை. வயது 46. தொண்ணூறுகளில் தலையும் கழுத்தும் தரையில் இறங்கும்படி அவரும் சக வீரர்களும் ஆடிய மேட்ச்களுக்குத்தான் நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தார்கள், நாமும் அதையே பெருமையாகப் பகிர்கிறோம். ரெஃப்ரி தலைக்கு மேல் இரண்டு கையையும் எக்ஸ் மாதிரி காட்டினால் நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் கைபேசியைத் தூக்கி வீடியோ எடுக்கும் கூட்டத்தை என்ன சொல்வது.

நட்சத்திரம் என்றதும் ஒரு வார்த்தை. மேட்ச்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் ரெஸ்லிங் விமர்சகர் டேவ் மெல்ட்சரின் ஐந்து நட்சத்திரக் கணக்கு 2017 ஜனவரி 4 டோக்கியோ டோமில் ஒகாடா, ஒமேகா மேட்ச்சுக்கு ஆறாகி, 2018 ஜூனில் அதே இருவருக்கு ஏழாகிவிட்டது. அந்த மேட்ச்கள் நல்லவைதான். ஆனால் நம்பரைப் பார்த்துவிட்டு மேட்ச்சைப் பார்க்க உட்காருவது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது.

சரி, இதே விழுபவனை மனதில் வைத்துக்கொண்டு ரசிகர்களின் சேகரிப்புக்கு வருவோம்.

என் கணக்கில் ரெஸ்லிங் சேகரிப்பில் முதல் இடம் விஎச்எஸ் டேப்புக்கு. எண்பதுகளில் டைகர் மாஸ்க், டைனமைட் கிட் மேட்ச்கள் ஜப்பானைத் தாண்டிப் பரவியது டேப் பரிமாறிக்கொண்ட ரசிகர்களால்தான். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி என்ற ஒரே டிவி ஒளிபரப்பு முறை என்பதால் டேப் அப்படியே ஓடியது, பிரிட்டனின் 'பால்' (PAL) முறைக்குத்தான் மாற்ற வேண்டியிருந்தது. டி-120 டேப்பில் எஸ்பி என்ற சாதாரண வேகத்தில் 2 மணி நேரம், ஈபி என்ற மெதுவான வேகத்தில் 6 மணி நேரம் பதியும். மிச்சம் பிடிக்க ஈபியில் ஏற்றியதால்தான் பழைய டேப்களில் முகமே தெரியாமல் நிறம் வழிகிறது. அதை மறுபடி நகல் எடுத்தால் இன்னும் மோசம். ஆகவே வாங்கும்போது எத்தனையாவது நகல், எந்த வேகம் என்ற இரண்டையும் கேளுங்கள். டேப்பை ஒரு முனைவரை முழுக்கச் சுற்றி, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? பூஞ்சை. பிளேயரில் போட்டுவிடாதீர்கள், ஹெட் கெடும், அடுத்துப் போடும் நல்ல டேப்பிலும் ஒட்டும். கணினிக்கு மாற்றும்போது முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி. நிறம் திருத்தும் ஆசையெல்லாம் அதற்குப் பிறகு.

பொம்மைகளில் 1984 முதல் 1989 வரை வந்த எல்ஜேஎன் கம்பெனியின் 8 அங்குல கெட்டி ரப்பர். மூக்கு நுனி, விரல், பூட்ஸ் முனையில் பெயின்ட் போயிருக்கும். அந்த இடங்கள் மட்டும் பளபளவென்று இருந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். 1990 முதல் 1994 வரை வந்த ஹாஸ்ப்ரோ கம்பெனி பொம்மைகள் நாலரை அங்குலம், உள்ளே ஸ்பிரிங். கையை இழுத்து விட்டுப் பாருங்கள், சோம்பலாகத் திரும்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, திறந்து சரிசெய்வது பெரும்பாடு. பிரிக்காத டப்பா என்று சொல்லி விற்றால் பிளாஸ்டிக் குமிழ் அட்டையோடு சேரும் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பசை ஒரே அகலத்தில் இல்லையென்றாலோ, அட்டையின் மேல்தாள் நார் நாராக எழும்பியிருந்தாலோ மறுபடி ஒட்டியது.

விலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஹாஸ்ப்ரோவில் எல்லோரும் தேடி அலைவது ஹோகனை இல்லை. 1994-ல் பச்சை அட்டையில் வந்த கடைசி வரிசையில் இருக்கும் ஒன்-டூ-த்ரீ கிட்டைத்தான். வரிசை முடியும் நேரம், கடைகளுக்குக் குறைவாகப் போனது, அதுதான் காரணம். இந்தப் பையன் யார்? வாராவாரம் வந்து அடி வாங்கிப் போகும் ஆட்களில் ஒருவராக நிறுத்தப்பட்டு, 1993 மே 17 அன்று ரேஸர் ராமோனை எதிர்பாராமல் வீழ்த்தியவர். விழுவதற்கென்றே வந்தவன் ஹோகனை விலையில் முந்தி நிற்பது எனக்குத் தனி சந்தோஷம்.

கடைசியாக, ரிங்கில் அணிந்த உடை என்று சொல்லி விற்பது. கையெழுத்தையும் சான்றிதழையும் அப்புறம் பாருங்கள். தேதி தெரிந்த மேட்ச் படங்களை எடுத்து, தையல் எங்கே வளைகிறது, ஜிகினா எந்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முகமூடி என்றால் பின்பக்கக் கயிற்றுத் துளைகள் இழுபட்டிருக்க வேண்டும், உள்துணியில் வியர்வை உப்பின் கறை வேண்டும். சிங்லெட் (உடம்போடு ஒட்டிய ஒற்றைத் துண்டு உடை) என்றால் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். கேன்வாஸில் நூறு தடவை விழுந்த துணி தோள்பட்டை எலும்புக்கு நேரே சொரசொரவென்று நூல் எழும்பியிருக்கும், இடுப்புக்குக் கீழே சாம்பல் நிற அழுக்கு படிந்திருக்கும். மார்புப் பக்கம் மட்டும் தேய்ந்து முதுகு புத்தம்புதிதாக இருந்தால், அதைப் போட்டவர் ரிங்கில் விழவில்லை.