தரையில் இருக்கும் முகம் சுரங்கக் காலத்துடையது அல்ல

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சென்ட்ரல் சிட்டி என்றொரு தங்கச் சுரங்க ஊர். அங்குள்ள டெல்லர் ஹவுஸ் என்ற விடுதியின் பாரில், மரத்தரையில் ஒரு பெண்ணின் முகம் வரையப்பட்டிருக்கிறது. காதலியை இழந்த குடிகார ஓவியன் ஒருவன், தங்க வேட்டை நாட்களில் அதை வரைந்துவிட்டு அங்கேயே விழுந்து இறந்தான் என்று அந்தப் படத்தோடு ஒரு கதை சுற்றிவருகிறது. அது உண்மையல்ல.

அப்பகுதியில் தங்கம் கிடைத்தது 1859இல். டெல்லர் ஹவுஸ் திறந்தது 1872இல். படம் வரையப்பட்டதோ 1936இல்தான். வரைந்தவர் ஹெர்ன்டன் டேவிஸ். தரையில் ஒரு முகம் வரைய அவர் அனுமதி கேட்டார், விடுதி மேலாளர் மறுத்துவிட்டார். ஆனாலும் நள்ளிரவுக்குப் பிறகு விடுதிப் பையன் மெழுகுவர்த்தியைப் பிடிக்க, டேவிஸ் வரைந்து முடித்தார். முகம் அவருடைய மனைவியுடையது. அவர் அங்கே சாகவுமில்லை. 1962 வரை வாழ்ந்தார்.

சரி, சாகும் ஓவியன் எங்கிருந்து வந்தான்? ஹியூ ஆன்டோயின் டி'ஆர்சி 1887இல் வெளியிட்ட கவிதையிலிருந்து. அதில்தான் குடிகாரன் சாக்கட்டியால் காதலியின் முகத்தை வரைந்து, அதன்மேலேயே விழுந்து இறக்கிறான். கவிதையைப் பார்த்துப் படம் வந்தது. மக்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

இந்தக் கட்டடத்துக்குப் பொய்க்கதையே தேவையில்லை. 1873இல் ஜனாதிபதி கிராண்ட் வந்தபோது, அவர் நடந்துவர வாசலில் வெள்ளிக் கட்டிகளைப் பரப்பினார்கள். மறு வருடம் ஊரின் பெரும்பகுதியைத் தீ அழித்தபோதும் இது தப்பியது. பகிர்வதானால் இதைப் பகிருங்கள்.