வெட்டப்பட்ட 9 நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். நன்றி. ஆனால் நான் பேசியது 22 நிமிடம், ஏற்றியிருப்பது 13. மீதி எங்கே என்று கேட்டால், "நிகழ்ச்சியோட மூட் கெட்டுப்போகுது சார்" என்கிறார்கள் கூட்டம் நடத்தியவர்கள். சரி.

அந்த 13 நிமிடத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் வில்லியம் பையர்ஸ் கதாநாயகன். தங்கம் தேடிப் போகிற கூட்டத்தோடு, ஒமாஹாவிலிருந்து மாட்டு வண்டியில் அச்சு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு இன்றைய டென்வர் நகரத்தில் இருக்கும் செர்ரி க்ரீக் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே இன்னொருவரும் இயந்திரத்தோடு வந்திருக்கிறார். 1859 ஏப்ரல் 23 அன்று, 20 நிமிட வித்தியாசத்தில் பையர்ஸின் 'ராக்கி மவுன்டன் நியூஸ்' பத்திரிகை முந்திக்கொள்கிறது. போட்டிக்காரர் அந்த ஒரு இதழோடு கடையைக் கட்டிவிட்டார். ஓடையின் இரு கரை ஊர்களான டென்வருக்கும் ஆரேரியாவுக்கும் ஆகாது என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓடை மணலில் கால் நட்டு அலுவலகம் போட்டார் பையர்ஸ் (வியாபாரம் தெரிந்த மனிதர்). 1864 மே மாத வெள்ளம் அதை இயந்திரத்தோடு வாரிக்கொண்டு போனது. ரவுடிகளைக் கண்டித்து எழுதியதற்காக 1860இல் ஆளையே தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பி வந்தும் பத்திரிகையை விடவில்லை. எல்லாம் உண்மை. நான் சொன்னதுதானே!

வெட்டியதில் இருந்தது வேறு. அதே 1864, நவம்பர் 29. அமெரிக்கக் கர்னல் சிவிங்டனின் படை, சாண்ட் க்ரீக்கில் சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த செயென், அரப்பாஹோ பழங்குடி மக்கள்மேல் பாய்ந்தது. குடியிருப்பில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. 230 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பையர்ஸின் பத்திரிகை அதை மாபெரும் வெற்றியாகக் கொண்டாடியது.

மாட்டு வண்டியில் வந்தவரும் இதைக் கொண்டாடியவரும் ஒரே ஆள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஒரே ஆள்.

"அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் காலத்துத் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவிங்டன் படையிலேயே இருந்த கேப்டன் சைலஸ் சோல் அதே களத்தில் நின்று, தன் ஆட்களைச் சுட விடவில்லை. விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1865 ஏப்ரல் 23 அன்று டென்வர் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தேதியைப் பாருங்கள், பத்திரிகை பிறந்து ஆறு வருடம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுவும் அதே வருடம் அந்தத் தாக்குதலைக் கண்டித்தது.

"அவர் களத்தில் இல்லையே, கேட்டதைப் போட்டார்" என்பார் இன்னொருவர். 1880இல், 16 வருடம் கழித்தும், அந்தத் தாக்குதல் சரி என்றுதான் பேசினார் பையர்ஸ். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்பா ட்ரெடில் பிரஸ் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) வைத்திருந்தது பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒருமுறை ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு வைத்து யாரோ எழுதிக் கொடுத்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தார். அந்த வீட்டுப் பையன் என் வகுப்பு. அப்புறம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "அடிச்சதுதான் நான், எழுதினது நான் இல்லை" என்று சொல்லிவிட்டு மையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை எனக்கு அவர்மேல் பிரியம் குறையவில்லை. அந்த நோட்டீஸும் மறக்கவில்லை. என்னால் அப்பாவைப் பாதியாக வெட்டிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பையர்ஸுக்கு அப்பா சொன்ன சாக்குகூடக் கிடையாது. பத்திரிகையே அவருடையது.

"மேடை கொடுத்ததற்கு நன்றி இல்லையா?" என்று உட்பெட்டியில் ஒரு தம்பி. நன்றி தம்பி. காப்பியும் நன்றாக இருந்தது.

முழு வீடியோ நண்பர் ஒருவரின் ஃபோனில் இருக்கிறது. நாளை காலை இங்கேயே ஏற்றுகிறேன். மூட் கெடும் என்று பயப்படுகிறவர்கள் 13வது நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.