அஞ்சரைக்கு வீட்டுக்குப் போறவ முழு வேலையும் செஞ்சுட்டுத்தான் போறா

ஞாயித்துக்கிழமை நம்ம பள்ளிக்கூடத்து பழைய மாணவர் கூட்டத்துல, நம்ம செட்டுக்காரன் ஒருத்தன் மைக்க புடிச்சு என்னைக் கிண்டல் பண்ணுனது உங்க எல்லாருக்கும் தெரியும். பேட்ச் குரூப்ல ஓடுன அந்த வீடியோவ பாத்துட்டு பாதிப் பேரு எனக்கு தனியா மெசேஜும் போட்டுட்டீங்க, "விடு புள்ள, அவன் எப்பவும் அப்படித்தான்"னு. மூணு நாளா விட்டுத்தான் பாத்தேன், முடியல. ராத்திரி படுத்தா அந்த மைக் சத்தம்தான் காதுல கேக்குது. அதனால எழுதறேன், நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க. அஞ்சாப்புல இருந்து ஒரே பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்சவங்கறதால "அவன்"னே எழுதறேன். இப்ப மொதலாளி ஆயிட்டான், மரியாதை இல்லைன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம்.

"நம்ம செட்டுலயே ஒருத்தி, நல்லா போயிட்டிருந்த மெர்ச்சன்டைசர் வேலைய விட்டுப்போட்டு அஞ்சரைக்கு ஊட்டுக்குப் போற வேலைல சேந்துட்டா, கேட்டா நிம்மதிங்கறா, புருஷன் சம்பாதிக்கற பொம்பளைங்களுக்கு நிம்மதி வரும், நமக்கெல்லாம் வருமா?" இதான் அவன் சொன்னது. அந்த ஒருத்தி நான்தான். (மெர்ச்சன்டைசர்னா பனியன் கம்பெனில பையர்கிட்ட, அதாவது துணி ஆர்டர் குடுக்கறவங்ககிட்ட பேசி, சரக்க தேதிக்குள்ள முடிச்சு அனுப்ப வெக்கறவ.) மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வீடியோவுல என்னைத்தான் காட்டறாங்க, நான் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். அதப் பாத்தாத்தான் எனக்கு வயிறு எரியுது, அவன் பேச்சு கூட ரெண்டாவதுதான்.

முதல்ல ஒண்ண சொல்லிடறேன். எட்டு மணி நேரம் வேலை செஞ்சவ முழு வேலை செஞ்சவ. அரை வேலை செஞ்சவ இல்ல, ஓடிப் போனவ இல்ல, சோம்பேறியும் இல்ல. திருப்பூர்ல இத எழுதிக் காட்ட வேண்டியிருக்கு, ஏன்னா இங்க எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட்னு பேரு, ஆனா யாரும் ஒரு ஷிப்ட் பாக்கறதில்ல. ஒன்றரை ஷிப்ட்தான். காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரை, ஒம்பது. ஷிப்மென்ட் இருந்தா ஃபுல் நைட். அஞ்சரைக்கு பையைத் தூக்குனா கேட்டுல இருக்கற வாட்ச்மேன்கூட "ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா"ன்னு கேப்பாரு.

2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு சட்டசபைல மசோதா வந்தப்ப எவ்ளோ சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கா? ப்ரொஃபைல் போட்டோ எல்லாம் மாத்துனோம். மே ஒண்ணாந்தேதி முதலமைச்சரே வாபஸ்னு அறிவிச்சாரு. நல்லதுதான், சந்தோஷப்பட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு கம்பெனிலதான் இருந்தேன், மே தினத்துல, ஒரு ஜெர்மன் ஆர்டருக்கு பேக்கிங் லிஸ்ட் சரி பாத்துட்டு. அதே வருஷக் கடைசில இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம்னு சொல்லி நாடே கொந்தளிச்சுது. ஒன்றரை ஷிப்ட் ஆறு நாள் பாத்தா எவ்ளோன்னு கணக்கு போட்டுப் பாருங்க. 72. எங்க ஊரு டைலரக்கா ஒவ்வொருத்தரும் அவர் கேட்டத தாண்டி ரெண்டு மணி நேரம் கூடவே பாத்துட்டு இருந்தாங்க, அத யாரும் செய்தியா போடல.

சரி, காசு. காசப் பத்தி பேசாம நிம்மதி பேசறாங்கன்னுதான சொல்றீங்க, பேசறேன். பழைய கம்பெனில 38,000. இப்ப 27,000. மாசம் பதினோராயிரம் கொறவு, மறைக்கல. ஆனா காலைல எட்டேகாலுக்கு கிளம்புனா வீடு வந்து சேர ஒம்பதரை, பத்து. இப்பத்து வேலையோட பாத்தா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் அதிகம், 26 நாளைக்கு 104 மணி நேரம். பதினோராயிரத்த 104ஆல வகுத்தா மணிக்கு 106 ரூபா கூட வரல. அந்த கணக்க நோட்டுல போட்டுட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எம்பொண்ணோட சாயங்காலத்த மணிக்கு 106 ரூபாய்க்கு வித்துட்டு இருந்திருக்கேன்.

அந்தக் காசும் முழுசா கைல நிக்கல. வாரத்துல மூணு நாள் ராத்திரி கடைல பரோட்டா பார்சல், டியூஷன்ங்கற பேர்ல பாப்பாவ எட்டரை வரைக்கும் ஒரு இடத்துல உக்கார வெக்கறதுக்கு காசு, இடுப்பு வலிக்கு ஊசி, லேட்டானா ஆட்டோ. கூட்டிப் பாத்தா ஆறாயிரத்துக்கு கிட்ட அங்கயே போயிட்டு இருந்துச்சு. மிச்சம் அஞ்சாயிரம் நிஜமாவே வலிக்குது. ஏலச்சீட்ட நிறுத்திட்டேன், நகைக்கடை சீட்டு பாதில நிக்குது, தீபாவளிக்கு எனக்கு புடவை எடுக்கல. எடுக்கலைன்னு பாப்பாவுக்குத் தெரியும், அவ ஒண்ணும் சொல்லல. நிம்மதி இனாமா வந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வெலை குடுத்துத்தான் வாங்கிருக்கேன்.

இதுக்கு நடுவுல எங்கப்பாவப் பத்தி சொல்லியாகோணும்.

அப்பா பனியன் கம்பெனில கட்டிங். 1984ல பஞ்சப்படி (வெலைவாசிக்கு ஏத்த மாதிரி சம்பளத்தோட குடுக்கற படி) கேட்டு ஊரே 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணுச்சே, அதுல அப்பாவும் இருந்தாரு. எனக்கு அப்ப மூணு வயசு. அம்மா தோட்டைக் கழட்டி வெச்ச கதைய இன்னிக்கு வரைக்கும் சொல்லுவாங்க, கோவமா இல்ல, ஏதோ பெருமையாத்தான் சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட மனுஷன் அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஒன்றரை ஷிப்டாவே ஓட்டுனாரு. மூணு பொட்டப்புள்ளைங்க, வேற என்ன பண்ணுவாரு. சனிக்கிழமை சம்பளம். சம்பளக் கவர வாங்கிட்டு, கடைல போண்டாவ பொட்டலம் கட்டி வாங்கிட்டு வருவாரு. வர்றதுக்குள்ள நாங்க தூங்கிருவோம். காலைல எந்திரிச்சா தலைமாட்டுல பொட்டலம் இருக்கும், எண்ணெய் எறங்கி பேப்பர்ல இருக்கற எழுத்து போண்டா மேல ஒட்டியிருக்கும். எங்கப்பா வாங்கிட்டு வந்த போண்டாவ நான் ஒரு நாள் கூட சூடா தின்னதில்ல. சூடா இருந்தா எப்படி இருந்திருக்கும்னு நாப்பத்தி நாலு வயசுல யோசிக்கறேன்.

இப்ப அவருக்கு எழுபதுக்கு மேல. வேலை இல்ல. ராத்திரி பன்னண்டு வரைக்கும் தூக்கம் வராம திண்ணைல உக்காந்திருக்காரு. "போய் படுங்கப்பா"ன்னா, "பழக்கமாயிருச்சு கண்ணு"ங்கறாரு. பேத்திகிட்ட என்ன பேசறதுன்னு அவருக்குத் தெரியல. அவளும் அப்புச்சி பக்கத்துல உக்காந்து போன் பாக்கறா. அவரு குடும்பத்துக்காகத்தான் உழைச்சாரு, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நாங்க இப்ப இருக்கற வீடு அவரு கட்டுனது. ஆனா அந்த வீட்டுக்குள்ள அவருக்கு இருக்கத் தெரியல.

"உங்கப்பா கட்டுன வீடு இருக்கு, வாடகை இல்ல, அதான் நீ பேசற"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. கேளுங்க, நியாயமான கேள்வி. ஆமா, எனக்கு வாடகை இல்ல. வாடகை இருந்திருந்தா இந்த முடிவ எடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியாது. அத ஒத்துக்கறேன்.

"புருஷன் சம்பாதிக்கறாரு"ன்னு சொன்னதத்தான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரர் பனியன் துணிக்கு பிரிண்ட் போடற யூனிட்ல இருக்காரு. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதுக்கப்புறம் இந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவருக்கு வாரத்துல மூணு நாள் வேலை, சில வாரம் ரெண்டு நாள். அப்படி ஓடுன நாலு மாசம் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது இந்த "அஞ்சரைக்குப் போறவ" சம்பளத்துல. அவன் மைக்குல பேசறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு வீடியோவ நான் காட்டல. யாரோ காட்டிட்டாங்க. சாப்பிட்டுட்டு தட்டக் கழுவி வெச்சுட்டு, "நான் வேணா நைட்டுக்கு வேற எங்கயாச்சும் பாக்கட்டுமா"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்காகவே இந்த பதிவ எழுதலாம்.

"ஆளுங்க அரை ஷிப்ட் குடுங்கன்னு கெஞ்சறாங்க, யாரு கட்டாயப்படுத்தறா?" இதுவும் அவன் கேக்கறதுதான், எப்பவும் கேப்பான். கெஞ்சறாங்கதான், பாத்திருக்கேன். ஏன் கெஞ்சறாங்கன்னு ஒரு நிமிசம் யோசிங்க. ஒரு ஷிப்ட் கூலில வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், குழு லோன் தவணை எதுவும் கட்டாது, அதனால. ஒரு ஷிப்டுக்கு 500 ரூபான்னு வெச்சுக்குவோம். அரை ஷிப்ட் சேத்து 750 குடுக்கறாங்க. சட்டம் என்ன சொல்லுது? 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே ஓவர்டைமுக்கு ரெட்டிப்பு. அந்த நாலு மணி நேரத்துக்கு 250 இல்ல, 500. ஆக ஒரு நாளைக்கு 250 ரூபா அந்த டைலரக்காவுக்கு வர வேண்டியது வரல, ஆறு நாளைக்கு 1,500. அத ஒழுங்கா குடுத்துப் பாருங்க, எத்தனை பேரு வாரத்துல ரெண்டு நாளாச்சும் அஞ்சரைக்கு புள்ளைங்கள பாக்கப் போவாங்கன்னு தெரியும். அவங்களுக்கு வீட்டுக்குப் போற ஆசை இல்லாம இல்ல.

இத எழுதறப்ப எனக்கு கை நடுங்குது, ஏன்னா நானும் இதுல சேத்திதான். மெர்ச்சன்டைசர் வேலைன்னா என்ன? பையர் மெயில் வந்தா சூப்பர்வைசர்கிட்ட ஓடி "அண்ணா, இன்னிக்கு ஃபுல் நைட் போட்டாவது முடிச்சுக் குடுங்கண்ணா"ங்கறது. எத்தனை நாள் சொல்லிருக்கேன். ஓவர்லாக் அடிக்கற ஒரு அக்கா, திண்டுக்கல் பக்கம், "நாளைக்கு எம்பையனுக்கு பரிச்சை கண்ணு"ன்னு என்னைப் பாத்து சொன்னாங்க. நான் "நாளான்னிக்கு லீவு வாங்கித் தர்றேங்க்கா"ன்னேன். வாங்கித் தரல. மறந்துட்டேன்.

அதே மாதிரி ஒரு நாள்தான் எனக்கும் நடந்துச்சு. (எம்பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், "எழுதும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னா.) ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்குது, போன் சைலன்ட்ல பைக்குள்ள கெடக்குது. எடுத்துப் பாத்தா பக்கத்து வீட்டக்காகிட்ட இருந்து ஏழு மிஸ்டு கால். பாப்பா வயசுக்கு வந்துட்டா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, என்ன ஆச்சுன்னு தெரியாம பயந்து, எனக்கு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு, அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்கு போயிருக்கா. கேட்டதும் ஓடி வந்தேனான்னா, இல்ல. இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட இன்னும் ரெண்டு கார்ட்டன் பாக்கி, முடிச்சுட்டு கிளம்புனேன். வீட்டுக்கு வந்தப்ப மணி ஒம்பதே முக்கால். அந்தக்கா அவளுக்கு தலைக்கு ஊத்தி, தன்னோட பொண்ணு பாவாடைய குடுத்து, சோறு போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. பாப்பா என்னைப் பாத்து அழுவான்னு நெனச்சேன். அவ அழல. "பரவால்லம்மா, ஷிப்மென்ட் போயிருச்சா?"ன்னு கேட்டா.

பன்னண்டு வயசுப் பொண்ணு கேக்கற கேள்வியா அது?

அடுத்த மாசம் வேலைய விடறேன்னு பேப்பர் போட்டேன். இத நிம்மதின்னு நான் யார்கிட்டயோ ஒரு வார்த்தைல சொன்னேன், அவ்ளோதான். அத எடுத்துத்தான் முன்னூறு பேரு முன்னாடி மைக்குல பேசுனான்.

"ஆசைய கொறச்சுக்கிட்டா முன்னேற முடியாது, உன்ன மாதிரி எல்லாரும் நெனச்சா திருப்பூரே இருக்காது"ன்னு கமென்ட்ல நாலு பேரு வருவீங்க. வாங்க. இந்த ஊரு எட்டரைல இருந்து அஞ்சரை வரைக்கும் வேலை செஞ்சாலும் இருக்கும். டெலிவரி தேதிய குடுக்கறப்பவே ஒன்றரை ஷிப்ட் கணக்குல குடுக்கறீங்க, அதான் விஷயம். பையர்கிட்ட பத்து நாள் கூட கேக்கறதுக்கு பயம், டைலரக்காகிட்ட நாலு மணி நேரம் கூட கேக்கறதுக்கு பயமே இல்ல.

என்னை நீ பேசுனது கூட போகட்டும்டா. முன் வரிசைல பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க உக்காந்திருந்துச்சுங்க, நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, பாதி அடுத்த வாரம் ஏதாவது ஒரு கம்பெனில செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ நிக்கப் போறதுங்க. அதுங்க முன்னாடி "அஞ்சரைக்கு வீட்டுக்குப் போறவங்கள பாத்து சிரிக்கோணும்"னு சொல்லிக் குடுத்துட்டு எறங்குன. அதுல ஒரு புள்ள திரும்பி என்னைப் பாத்துச்சு, சிரிக்கல. அந்தப் புள்ளைக்கு பதில் சொல்லத்தான் நான் மைக் கேட்டேன். "சாப்பாடு ஆறிடும், எல்லாரும் கீழ வாங்க"ன்னாங்க.

வீடியோவ குரூப்ல இருந்து எடுக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன், இருக்கட்டும். அடுத்த வருஷ கூட்டத்துக்கு கட்டுன 500 ரூபாயையும் திருப்பிக் கேக்கல. வருவேன். அன்னிக்கு எனக்கு அஞ்சு நிமிசம் வேணும், சாப்பாட்டுக்கு முன்னாடி, மைக்கோட. அட்மின் யாரா இருந்தாலும் இப்பவே பேர எழுதிக்கோங்க.