தனி ஆளுக்கு ரூம் இல்லையாம்

ராமேஸ்வரத்து லாட்ஜில் தனி ஆள் என்று எனக்கு ரூம் தர மறுத்ததைப் பற்றி முந்தாநாள் போட்ட பதிவுக்குக் கீழே குவிந்த அறிவுரைகளை எல்லாம் படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லை. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. தனியாக வந்தவனுக்கு ஏன் ரூம் இல்லை? "ஆன்லைனில் புக் பண்ணியிருக்கலாமே" என்கிறீர்கள். பண்ணினேன் ஐயா. ஒரு நபர் என்று போட்டு, பணமும் கட்டித்தான் போனேன். ஆதாரை நீட்டினால் கவுன்டரில் இருந்த தம்பி எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "ஃபேமிலி கார்ல இருக்காங்களா சார்?" பைக்கில் வந்தேன், தனியாகத்தான் வந்தேன் என்றதும் முகம் மாறிவிட்டது. "சிங்கிளுக்குத் தர்றதில்ல சார்." எனக்கு முன்னால் நின்ற நாலு பையன்கள், தோள்பைக்குள் பாட்டில் கலகலக்க, சாவி வாங்கி மாடியேறினார்கள். அவர்களால் லாட்ஜுக்கு ஒரு ஆபத்தும் இல்லை பாருங்கள்.

"ரூமுக்குள்ள ஏதாவது பண்ணிக்கிட்டா ஓனர்தானே ஸ்டேஷனுக்கு அலையணும்?" சரி, அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்த ஊர் என்று யோசித்தீர்களா? அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுகிறவர்களில் எத்தனை பேர் அப்பா அம்மாவையோ கட்டினவரையோ பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள்? திதி கொடுக்க வருகிறவரிடம் "கூட யார்" என்று கேட்பதைவிடக் கொடுமை உண்டா?

இத்தனைக்கும், சேது யாத்திரை போகிறவர்களுக்காகச் ராமநாதபுரத்துச் சேதுபதி ராஜாக்கள் சத்திரம் கட்டிச் சோறு போட்ட சீமை இது. எங்கள் அப்பத்தா, தாத்தா போன மறுவருஷம் கட்டுச்சோற்றோடு தனியாகக் கிளம்பியது. மண்டபம் வரை நடை, அங்கிருந்து ரயில். 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்குவதற்கு முந்தைய காலம். வழியில் ஒரு சத்திரத்து மணியக்காரர் பாயை எடுத்துப் போட்டு, "ஆத்தா, மோர் குடிக்கிறியா?" என்றாராம். அந்த மோரைப் பற்றிச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. தாலி அறுத்தவளை ஒரு மாதிரி பார்த்த காலம்தான் அது. அந்தக் காலத்திலேயே அதற்குப் பாய் கிடைத்தது. எனக்கு, கட்டின பணம் இரண்டு நாளில் திரும்பி வருமாம்.

"உங்களை யார் தனியா போகச் சொன்னது?" யாரும் சொல்லவில்லை. தொண்டியில் விடியலில் கிளம்பி, உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு ஒரு கும்பிடு, திருப்பாலைக்குடி தாண்டும்போது கருவாட்டு வாசம், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற நவபாஷாண நவக்கிரகக் கற்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூட ஆள் இருந்தால் பத்தாவது நிமிடமே "போலாமா" என்று நச்சரித்திருக்கும். இதற்கு மேல் காரணம் என்ன வேண்டும், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தா?

ரூம் இல்லை என்றதும் என்ன செய்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தங்கச்சிமடம், அக்காள்மடம் எல்லாம் தாண்டி, இரவோடு இரவாக ராமநாதபுரத்துக்கே வண்டியைத் திருப்பினேன். ராத்திரியில் பாம்பன் பாலத்தில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? காற்று பக்கவாட்டில் வண்டியைத் தள்ளும். லாரி கடந்தால் ஹேண்டில்பார் உதறும். நான் செத்துவிடுவேன் என்று பயந்தவர்கள், அந்த நேரத்தில் என்னை நடுக்கடலுக்கு மேலே அனுப்பிவைத்தார்கள். எங்கே வேண்டுமானாலும் சாகட்டும், எங்கள் ரூமில் வேண்டாம். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்று வகுப்பெடுக்கிறீர்கள்.

அப்புறம் அந்தக் கமெண்ட். "காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது." என் சொந்தச் சித்தப்பா மகன் அதற்குச் சிரிப்பு போட்டிருக்கிறான். போடு ராசா. வீடு கேட்டுப் போனால் "பேச்சிலருக்கு இல்ல", ஹோட்டலில் "சார், ஃபேமிலி வர்றாங்க, அந்த ஓரமா உக்காருங்க". உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் ராத்திரி பகலாகப் பந்தல் வேலை பார்த்தபோது மட்டும் நான் தனி ஆள் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. "அண்ணனுக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா, ஃப்ரீதானே" என்றாய்.

அடுத்த மாதம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி வரை போகிறேன். தனியாகத்தான். அந்தப் பக்கம் ஒற்றை ஆளுக்குக் கதவு திறக்கிற லாட்ஜ் ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். "நானும் கூட வரட்டுமா அண்ணே" என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.