மைலோமாவில் எலும்பு அரிப்பது கால்சியக் குறைவாலா?

'மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோயில் எலும்பு உடைவதற்குக் கால்சியக் குறைவே காரணம். மாத்திரையைக் கூட்டினால் சரியாகிவிடும்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவிவருகிறது. இது தவறு, நோயாளிக்குத் தீங்கும் விளைவிக்கக்கூடியது.

நம் எலும்பு வாழ்நாள் முழுவதும் கரைந்தும் வளர்ந்தும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய எலும்பைக் கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள்; புதிதாகக் கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். மஜ்ஜையில் பெருகும் மைலோமா செல்கள், ரேங்க்-எல் என்னும் புரதத்தின் அளவை அங்கே உயரச்செய்து கரைக்கும் செல்களைத் தூண்டுவதோடு, டிகேகே-1 போன்ற புரதங்களைச் சுரந்து கட்டும் செல்களையும் முடக்கிவிடுவதால், அரிக்கப்பட்ட இடம் நிரம்பாமல் குழியாகவே நின்றுவிடுகிறது. கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுச்செல்களையே மேலும் வளர்க்கின்றன என்பதுதான் இதில் மிகக் கொடிய பகுதி.

எலும்பிலிருந்து கால்சியமும் இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே பலருக்கு இரத்தத்தில் கால்சியம் குறைவதில்லை, கூடுகிறது. பன்னாட்டு மைலோமா செயற்குழு 2014இல் வெளியிட்ட நோயறிதல் வரையறையிலேயே, டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியம் ஓர் அடையாளமாக இடம்பெற்றிருப்பதை யாரும் சரிபார்க்கலாம். அந்நிலையில் மாத்திரையைத் தாமாகக் கூட்டுவது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எலும்பைக் காக்கும் ஊசி மருந்துகளோடு சிலருக்கு மருத்துவர்களே கால்சியம் தருவதுண்டு. அது இரத்தப் பரிசோதனை பார்த்து முடிவுசெய்யப்படுவது. இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.