தொட்டியில் மிதப்பதும் தியானமும் ஒன்றல்ல

வெளிச்சமும் சத்தமும் எட்டாத உப்புநீர்த் தொட்டியில் மிதப்பதும் தியானமும் ஒரே நிலைக்குத்தான் கொண்டுபோகும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1950களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப் குழுவினர், புலன்களுக்கு எதுவும் எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கொடுத்து, மங்கலான கண்ணாடியும் கையுறையும் மாட்டிப் படுக்க வைத்தார்கள். சும்மா படுத்திருக்கும் வேலைதான். ஆனாலும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. முதலில் புள்ளிகள், கோடுகள். அப்புறம் சிலருக்கு முழுக் காட்சிகளே கண்முன் ஓடின. வெளியிலிருந்து எதுவும் வராதபோது மூளை தானே படம் காட்டத் தொடங்கிவிடுகிறது.

பத்து நாள் விபாசனா தியான முகாமில் மூன்றாம் நாள் எனக்கும் நிறங்கள் தெரிந்தன. அதன் பின்னால் போகாதீர்கள், மூச்சுக்குத் திரும்புங்கள் என்றுதான் அங்கே சொன்னார்கள். தொட்டிக்குள் அப்படிச் சொல்ல ஆளில்லை. மனநலச் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டிலும் இறங்க வேண்டாம் என்று கட்டுரையில் ஒரு வரியாவது சேருங்கள்.