வெடிக்கிற நேரத்தைப் பேசியது போதும், அறைக்கு நாலு பேர் என்பதைப் பேசுவோம்

பட்டாசுக் கட்டுப்பாடு என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது நேரம்தான். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தமிழ்நாட்டில் தீபாவளிக்கு இதுதான் கணக்கு. நேரம் தாண்டி வெடித்தவர்கள் மேல் எத்தனை வழக்கு என்று மறுநாள் பேப்பரில் வரும். ஒரு பக்கம் பண்டிகையில் கை வைக்கிறார்கள் என்று கோபம், இன்னொரு பக்கம் மொத்தமாகத் தடை போடு என்று கோபம். இரண்டு வாரம் ஓடும். கார்த்திகை தீபம் வருவதற்குள் எல்லாரும் மறந்துவிடுவோம்.

சிவகாசியும் அதன் பட்டாசு ஆலைகளும் இருக்கிற எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படி மறக்க முடியாது. பங்குனியோ ஆடியோ, எந்த மாதமாக இருந்தாலும் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கை தானாகப் போனைத் தேடும். எந்த ஆலை, நம் ஊரிலிருந்து யார் யார் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று அடுத்த பத்து நிமிடம் ஊரே போனில்தான் இருக்கும். பட்டாசில் பொதுமக்கள் பாதுகாப்பு பற்றி அரசு உண்மையிலேயே கவலைப்படுகிறது என்றால், பட்டாசு வெடிக்கிற தெருவைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டாசு செய்கிற அறையைப் பார்க்க வேண்டும். இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான்.

நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கரிசல் காட்டுக்கு நடுவே வேலி போட்ட நிலம். அதில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. வெடிமருந்து கலக்க ஓர் அறை, அதைக் குழாய்களில் செலுத்த ஓர் அறை, காய வைக்க வெளியே மேடை. சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: அறை எண், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம். மருந்து செலுத்தும் அறையில் நாலு பேர்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். வெடிமருந்தைக் கையாளும் இடத்தில் என்றைக்காவது ஒரு நாள் பொறி கிளம்பும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கிளம்பினால் அது ஓர் அறையோடு நிற்க வேண்டும், உள்ளே இருக்கிற நாலு பேரும் நாலு பக்கம் ஓட முடிய வேண்டும். அறைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி, கதவு, ஆள் கணக்கு எல்லாம் அதற்காகத்தான். அதனால் ஒரே விபத்தில் பத்துப் பேர், இருபது பேர் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தால் விசாரணை அறிக்கைக்காக நான் காத்திருப்பதில்லை. விதிப்படி நடந்த ஆலையில் ஒரு பொறி அத்தனை பேரைக் கொல்லாது. அந்த எண்ணிக்கையே சாட்சி.

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி. சுமார் 40 பேர். முதல் தீயைப் பார்த்துவிட்டு உதவி செய்யவும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அதில் நிறையப் பேர். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பது பிறகு வெளியில் வந்தது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேல். அங்கே ஓர் உரிமத்தின் கீழ் பல பேர் உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் விதி இருந்தது. உரிமத்தை நிறுத்தி வைக்கிற அளவுக்கு ஒரு ஆலையில் தப்பு நடக்கிறது என்று அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் காலையில் அந்த கேட்டுக்குள் வேலைக்குப் போன பெண்ணுக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உள்குத்தகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பிரச்சினையின் வேர் அதில்தான் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில். அவர் தன் ஆலையின் அறைகளைப் பிரித்து, ஐந்து அறை ஒருவருக்கு, எட்டு அறை இன்னொருவருக்கு என்று வாடகைக்கு விடுகிறார். எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி முதலாளி. அவரவர் ஆள், அவரவர் ஃபோர்மேன், அவரவர் மருந்து. மொத்த ஆலைக்கும் பொறுப்பு என்று ஒருவரும் இல்லை. சீசனுக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கிறது. நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். அறை போதாமல் வேப்ப மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள். முந்தின நாள் மீந்த மருந்தைக் கொட்ட மனசில்லாமல் மறுநாள் எடுக்கிறார்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்பது அந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள்.

ஏன் என்று எங்கள் தெருவில் ஒரு அக்காவிடம் கேட்டேன். பல வருடமாகப் பட்டாசு வேலைக்குப் போகிறவர். "நாலு பேர்னு எழுதியிருக்கறது எங்களுக்குத் தெரியாதா தம்பி? அஞ்சாவது ஆளா நான் உள்ள போகலேன்னா சனிக்கிழமை எனக்கு யாரு கூலி தருவா?" என்றார். எண்ணிக்கைக்குத்தான் கூலி. எத்தனை குழாயில் மருந்து செலுத்தினாயோ அத்தனைக்குப் பணம். கை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு காசு. உரசினால் தீப்பிடிக்கிற பொருளை வைத்துக்கொண்டு வேகத்துக்குக் கூலி கொடுப்பது கொலைக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். விபத்து நடந்ததும் "மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வு" என்று எழுதி, ஃபோர்மேனைக் கைது செய்து, நிவாரணம் அறிவித்துக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்த உராய்வு ஏன் நடந்தது என்று கூலிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

மேற்பார்வை செய்ய ஆளே இல்லையா என்றால், அதிகமாகவே இருக்கிறார்கள். 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம், 2008ஆம் வருடத்து விதிகள். பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ், அதற்கு அடுத்தது சென்னை லைசென்ஸ், சின்னதுக்கு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை, மூன்றாவது மாவட்ட நிர்வாகம். இவர்கள் போக மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறை, வருவாய்த் துறை, தீயணைப்பு, போலீஸ். விபத்து நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டலாம். விபத்துக்குப் பிறகு சிறப்புக் குழு போட்டு ஆய்வுக்குக் கிளம்புவார்கள். குழு வருகிறது என்று தகவல் கசிந்தால் அன்றைக்கு ஆலை பூட்டிக் கிடக்கும். பிறகு திறக்கும்.

ஆலைக்கு வெளியே கதை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே சாகிறவர்களுக்குத் தாங்கள் வெடிமருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. 2016 அக்டோபரில் சிவகாசி பைபாஸ் ரோட்டில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து எட்டுப் பேராவது மூச்சுத் திணறி இறந்தார்கள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூர் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. செத்தவர்களில் பலர் தீபாவளிச் சீசனில் நாலு காசு பார்க்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன மாணவர்கள், இளைஞர்கள். பத்தே நாளில், அக்டோபர் 17, சிவகாசி பக்கம் ரெங்கபாளையம். மாதிரிக்குப் பட்டாசு வெடித்துப் பார்த்தபோது பொறி பறந்து, கிஃப்ட் பாக்ஸ் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் விழுந்தது. 13 பேர், பெரும்பாலும் பெண்கள்.

தீபாவளித் தற்காலிகக் கடைகளுக்கும் விதி தெளிவாக இருக்கிறது. தீப்பிடிக்காத பொருளில் கட்டின கடையாக இருக்க வேண்டும். கடைக்குக் கடை குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. எதிரெதிராகக் கடை போடக்கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. ஓர் இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இப்போது உங்கள் ஊர் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் போன தீபாவளிக்கு நான் பார்த்தது: சாமியானாத் துணிக்குக் கீழே இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று முகம் பார்த்து, நடுவில் இரண்டு பைக் போகிற அளவுக்குப் பாதை, அந்தப் பாதையிலேயே குழந்தைகளோடு குடும்பங்கள். வாசலில் தீயணைப்பு வாளி நாலு தொங்கியது. மணல் ஒன்றில்தான் இருந்தது.

இதெல்லாம் மாறவே மாறாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். சிவகாசி என்றாலே ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர்தான். விடியும் முன்னால் கம்பெனி பஸ் கிராமத்துக்குள் வந்து பிள்ளைகளைத் தூக்கத்தோடு ஏற்றிப்போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு பள்ளிக்கூடமும் சத்துணவும், ஓயாத சோதனையும் சேர்ந்தன. இன்றைக்கு ஆலைகளுக்குள் அந்தக் காட்சி கிட்டத்தட்ட இல்லை. தொழில் அழிந்துவிட்டதா? நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இன்றும் இங்கேதான் தயாராகிறது. முதலாளியின் பையில் கை வைத்து, விடாமல் சோதனை செய்து, குடும்பத்துக்கு வேறு வழியும் காட்டினால் விதி நிற்கும். இதே மண்ணில் அது நடந்திருக்கிறது.

மொத்தத் தடை கேட்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்று கெடுகிறது என்ற உங்கள் கவலை நியாயம். பச்சை உப்பு என்று நாங்கள் சொல்கிற பேரியம் நைட்ரேட்டுக்கு நீதிமன்றம் போட்ட தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தடையும் சரவெடித் தடையும் வந்த பிறகு 2018 கடைசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வேலை போன வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆலை மூடினால் வேலை வீட்டுக்குள் வரும். பட்டாசுக்கு வைக்கிற கருந்திரி வீட்டுக்குள் தயாராகும். அங்கே ரப்பர் விரிப்பு கிடையாது, வெளியே திறக்கிற இரண்டாவது கதவு கிடையாது. பக்கத்து அறையில் தொட்டிலில் பிள்ளை தூங்கும். அனுமதி இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்து குடும்பத்தோடு போனவர்கள் செய்தி எங்கள் மாவட்டப் பக்கத்தில் புதிது கிடையாது.

அதனால் நான் கேட்பது தடை கிடையாது, தளர்வும் கிடையாது. உள்குத்தகை நிரூபணம் ஆனால் அந்த உரிமம் நிரந்தரமாகப் போக வேண்டும். மனைவி பெயரில், மச்சான் பெயரில் திரும்ப வரக்கூடாது. வழக்கில் முதல் பெயர் உரிமதாரர் பெயராக இருக்க வேண்டும், ஃபோர்மேன் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். மருந்து கலக்கிற, செலுத்துகிற அறைகளில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாள் சம்பளம் கொடுக்கச் சட்டம் வேண்டும். மற்ற விதிகளை எல்லாம் விட இந்த ஒன்று அதிக உயிரைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான நம்பிக்கை. பட்டாசு இரண்டு ரூபாய் விலை ஏறும். ஏறட்டும், கொடுப்போம்.

இன்னொன்றுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. எந்த ஆலையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள், மாவட்ட இணையதளத்திலும் போடுங்கள். ஆட்களை ஏற்றிப்போகிற வேன் டிரைவர் பார்க்கட்டும், வேலைக்குப் போகிற பெண்கள் பார்க்கட்டும், ஆர்டர் கொடுக்கிற வியாபாரியும் பார்க்கட்டும். நிறுத்தின ஆலைக்குள் ஒரு வேன் போனால் ஊர்க்காரர்களே போன் செய்து சொல்ல ஓர் எண் கொடுங்கள். சொன்னவர் பெயர் முதலாளி காதுக்குப் போகாது என்ற உறுதியோடு.

மாவட்ட நிர்வாகத்தில் இதைப் படிக்கிற யாராவது இருந்தால், பட்டியலை இந்த மாதமே ஒட்டலாம். ஆனி, ஆடியில் ஆர்டர் குவிந்து அறைக்கு எட்டுப் பேர் ஆவதற்கு முன்னால்.